கொளுத்தப்பட்ட சட்டைகளும் நான் வாங்கிய நாலு சட்டைகளும்

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2025

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், டாலஸ் அணி தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை ராத்திரியோடு ராத்திரியாக லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. அணி செய்தால் வியாபாரம். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியை விட்டுத் தானாக மயாமிக்குக் கிளம்பினால் மட்டும் துரோகமா? ஒருத்தன் வேலை மாறினதுக்குச் சட்டையைக் கொளுத்திய கிளீவ்லாந்துக்காரர்களுக்கு மனநோய் என்றுதான் சொல்வேன். அந்த ஊரில் இருக்கிற யாராவது விளக்கட்டும்.

3 பிப்ரவரி, இரவு

நான் இருக்கிறேன். 2004 முதல். திருச்சி உறையூரிலிருந்து நேராக இந்தப் பனிக்கு.

2010 ஜூலை 8 அன்று ஒரு நண்பர் வீட்டில் ஒன்பது பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஈஎஸ்பிஎன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நேரம் ஒதுக்கியிருந்தது. நிகழ்ச்சிக்கே 'தி டிசிஷன்' என்று பெயர். நடந்த இடம் கிளீவ்லாந்தும் இல்லை, மயாமியும் இல்லை. கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சில் ஒரு சிறுவர் மன்றம். கட்டம் போட்ட சட்டையோடு லெப்ரான், எதிரே பேட்டி எடுக்கும் ஜிம் கிரே, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். கிட்டத்தட்ட அரை மணி நேரம் இழுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: சௌத் பீச், மயாமி ஹீட் அணி.

யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் எழுந்து டிவியை அணைத்தார். அவர் மனைவி "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது நகரத்துப் பக்கம் போலீஸ் சைரன் சத்தம்.

நான் கத்தவும் இல்லை, கொளுத்தவும் இல்லை. வந்து ஆறு வருஷம் ஆனவன். எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

4 பிப்ரவரி

வேலை மாறுவதுதான், ஒப்புக்கொள்கிறேன். வேலை மாறுகிறவன் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போவான். இங்கே அணி நிர்வாகத்துக்கே நிகழ்ச்சி தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போதுதான் தகவல் போனது. பேசி முடித்த மாப்பிள்ளை, வேறு இடத்தில் நிச்சயம் பண்ணிக்கொண்டதைப் பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கும் மண்டபத்திலேயே மைக் பிடித்துச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. மாப்பிள்ளை அந்த மைக் செட் வாடகையைத் தர்மத்துக்குக் கொடுத்தார் என்பதும் உண்மை. சிறுவர் மன்றங்களுக்கு 25 லட்சம் டாலர் போனது. அதை அன்று யாரும் காதில் வாங்கவில்லை.

அதே இரவு அணி முதலாளி டான் கில்பர்ட் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் போட்டார். கோழைத்தனம், துரோகம் என்று வாய்க்கு வந்தபடி. "தனக்குத்தானே ராஜா என்று பட்டம் சூட்டிக்கொண்டவர் கோப்பை வெல்வதற்கு முன்னால் நாம் வெல்வோம், இது என் சொந்த உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் வேறு. எழுத்துரு காமிக் சான்ஸ். குழந்தையின் முதல் பிறந்தநாள் அழைப்பிதழில் போடுவார்களே, அது. அந்த எழுத்தில் ஒரு மனிதரைச் சபிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

சுவரில் ஒட்டும் லெப்ரான் படத்தை விற்ற நிறுவனமும் கில்பர்ட்டுடையதுதான். அதன் விலையை 17.41 டாலராகக் குறைத்தார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் துரோகி என்றால் பெனடிக்ட் ஆர்னால்ட். அவர் பிறந்தது 1741. கோபத்திலும் கணக்கு.

4 பிப்ரவரி, பின்னிரவு

சட்டை விஷயம் விட்டுப்போயிற்று. எல்லாரும் கொளுத்திக்கொண்டிருந்தபோது நான் வாங்கினேன். ஆகஸ்டில் ஒரு கடையில் 23ஆம் எண் ஜெர்சியைப் பத்து டாலருக்குக் கூடையில் கொட்டி வைத்திருந்தார்கள். நாலு எடுத்தேன். திருச்சிக்குப் போகிற ஒருவரிடம் அக்கா பிள்ளைகளுக்கென்று கொடுத்தனுப்பினேன். கிளீவ்லாந்தில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியாத சட்டை, உறையூரில் அக்கா வீட்டுக்குப் புதுத் துணி.

டீக்கடையில் ஒருத்தர் அக்கா மகனிடம் "யாருடா ஜேம்ஸ், புதுசா மதம் மாறிட்டியா?" என்று கேட்டாராம்.

6 பிப்ரவரி

"காசுக்குத்தானே போனார்" என்று ஒருவர். இல்லை. கிளீவ்லாந்து அவருக்கு மயாமியை விட அதிகம் கொடுத்திருக்க முடியும், லீக் விதிமுறை அப்படி. வேட், பாஷ் என்ற இரண்டு நட்சத்திர வீரர்கள், இவர், மூன்று பேரும் ஒரே அணியில் அடங்குவதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். லெப்ரானுக்கு ஆறு வருஷத்துக்கு ஏறக்குறைய 11 கோடி டாலர்.

ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வரி கட்டுகிறவன் இதை மறக்க மாட்டான்.

காசுக்குப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. காசுக்காகப் போவதை இந்த ஊர் நன்றாகப் புரிந்துகொள்ளும். அவர் காசைக் குறைத்துக்கொண்டல்லவா போனார்! அதாவது, உங்களோடு இருந்து ஜெயிக்க முடியாது என்று கையை விட்டுக் காசு கொடுத்துச் சொன்ன மாதிரி.

7 பிப்ரவரி

மண்டபம், மைக் என்று எழுதினேனே, அது பாதிதான். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையில் இருந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அப்போதே ஓய்வு வயதை நெருங்கியிருந்தார். ஜூலை 9 காலை காப்பி இயந்திரத்தின் முன்னால் என்னிடம் பட்டியல் போட்டார். 1964இல் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வென்றதுதான் ஊரின் கடைசிக் கோப்பை. அதன் பிறகு வந்தவற்றுக்கெல்லாம் ஊர் பெயர் வைத்திருக்கிறது, புயலுக்குப் பெயர் வைப்பதுபோல. 1987 ஜனவரியில் டென்வர் கடைசி நிமிடங்களில் மைதானம் முழுக்கப் பந்தை நகர்த்திக்கொண்டு வந்தது 'தி டிரைவ்'. அடுத்த வருஷம் அதே டென்வரிடம் கோட்டுப் பக்கத்தில் பந்து கைநழுவியது 'தி ஃபம்பிள்'. 1989 மே மாதம் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் கடைசி நொடியில் கிளீவ்லாந்தின் க்ரெய்க் ஈலோ தலைக்கு மேல் போட்டது 'தி ஷாட்'. அப்புறம் 1995 நவம்பரில் முதலாளி ஆர்ட் மோடெல் பிரவுன்ஸ் அணியையே மூட்டை கட்டி பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்றார். கொண்டும் போனார்.

"இந்த வரிசையில் இப்போது 'தி டிசிஷன்'. இந்தத் தடவை பெயரை அவர்களே வைத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்றார்.

1950இல் இந்த நகரத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் ஜனம். 2010 கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் கீழே. எஃகு ஆலைகள் போயின, அவற்றோடு ஆட்களும். அந்த மனிதரின் மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூட ஒஹாயோவில் இல்லை. போகத் தெரிந்த எல்லாரும் போன ஊரில், எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய ஒருத்தன் ஏழு வருஷம் இருந்தான். அந்த ஏழு வருஷமும் ஊருக்கு ஒரு சான்றிதழ் மாதிரி. ஜூலை 8 அன்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நம்மூர்க்காரர்கள் கிளீவ்லாந்து என்றதும் தியாகராஜ ஆராதனை என்பார்கள். 1978 முதல் நடக்கிறது. ஏப்ரலில் சென்னை சபாவே இங்கே இறங்கிவிடும். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் விமானம் ஏறிவிடுவார்கள். அவர்கள் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. வரும்போதே போகிற தேதி தெரியும்.

9 பிப்ரவரி

இரண்டு விஷயம்.

நண்பர் ஒருவர் தனிமடலில் ஊரில் தொங்கிய பெரிய பேனர் பற்றிக் கேட்டார். நான் அது ஆடுகளச் சுவரில் இருந்தது என்று பதில் போட்டுவிட்டேன். தப்பு. எதிரே ஷெர்வின் வில்லியம்ஸ் பெயின்ட் கம்பெனிக் கட்டடத்தில் இருந்தது. பத்து மாடி உயரம், கைகளை விரித்து லெப்ரான், 'நாமெல்லாம் சாட்சிகள்' என்ற வாசகம். அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் கிழித்து இறக்கினார்கள். சாட்சிகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தோம்.

இரண்டாவது, லெப்ரான் கிளீவ்லாந்துக்காரர் கிடையாது. அக்ரான். இங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். வெளியாளுக்கு ஒன்றுதான். திருச்சிக்காரனைத் தஞ்சாவூர்க்காரன் என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிறு வயதில் விரும்பிய அணிகள் பேஸ்பாலில் யாங்கீஸ், கால்பந்தில் டாலஸ், கூடைப்பந்தில் சிகாகோ. 2007இல் கிளீவ்லாந்து யாங்கீஸோடு பிளே ஆஃப் ஆடியபோது இங்கேயே யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே ஊர் முணுமுணுத்தது.

இந்த ஊரை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. புது வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று லீக் குலுக்கிப் பார்க்கும் 2003 லாட்டரியில் முதல் இடம் கிளீவ்லாந்துக்கு விழுந்தது, முந்தைய சீசனில் 65 ஆட்டம் தோற்ற அணி. பக்கத்து ஊர்ப் பையன் என்பது தற்செயல். அந்தத் தற்செயலை நாங்கள் விதி என்று எடுத்துக்கொண்டோம்.

10 பிப்ரவரி

மேலே எழுதியதையெல்லாம் என் மனைவி படித்தாள். "நான் கத்தவும் இல்லை" என்ற இடத்தில் நிறுத்திச் சிரித்தாள்.

சரி. 2010 டிசம்பர் 2, மயாமி சட்டையில் லெப்ரான் முதல் தடவை கிளீவ்லாந்துக்கு வந்த ஆட்டம். நான் போயிருந்தேன். அரங்கில் இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள், கூடுதல் போலீஸ். அவர் கையில் பந்து வந்தபோதெல்லாம் கூச்சல். "அக்ரான் உன்னை வெறுக்கிறது" என்று ஒரு பக்கம் கோஷம். நானும் கத்தினேன். தொண்டை கட்டி இரண்டு நாள் மிளகு கஷாயம் குடித்தேன். கஷாயம் போட்டுக் கொடுத்தவள் அவள், அதனால் மறுக்க வழியில்லை.

என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். தமிழில் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் அர்த்தம் கேட்டு, நான் சொன்னதும் அவரும் கற்றுக்கொண்டு கத்தினார்.

ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்று மட்டும் ஆடி 38 புள்ளி எடுத்தார். நாலாவதில் ஆட வேண்டிய அவசியமே இல்லை. 118க்கு 90 என்று மயாமி ஜெயித்தது. முதல் பத்து நிமிடம் எங்கள் கூச்சல் அவரை ஏதாவது செய்யும் என்று நம்பினோம். மூன்றாவது பகுதியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழ ஆரம்பித்ததும் கத்தின வாயோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் இதே அரங்கில் இதே எறிதலுக்கு எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். கை தானாக எழும்பியது. அடக்கிக்கொண்டேன்.

வந்து ஆறு வருஷம் ஆனவன், எனக்கென்ன என்று எழுதியது பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நான் இருபதாயிரம் பேரோடு ஒரே குரலில் கத்தியது அன்றுதான்.

14 பிப்ரவரி

அஸ்வின் சென்னையை விட்டுப் பல அணி சுற்றிவிட்டு வந்திருக்கிறார், யாரும் கொளுத்தவில்லையே என்று ஒருவர். ஐபிஎல்லில் யார் எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் ஏலச் சுத்தியல் சொல்கிறது. போன நவம்பரில் 9.75 கோடிக்குத் திரும்ப வந்தாரே, அதுவும் ஏலத்தில்தான். வீரர் வாயால் "நான் அங்கே போகிறேன்" என்று சொல்லாத இடத்தில் யார் மேல் கோபப்படுவது?

20 பிப்ரவரி

எழுதலாமா வேண்டாமா என்று சில நாள் யோசித்தது.

கில்பர்ட் கடிதம் வந்த பிறகு கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாகச் சொன்னார்: கில்பர்ட் லெப்ரானைத் தப்பி ஓடிய அடிமையாகப் பார்க்கிறார், இது அடிமை முதலாளியின் மனப்பான்மை என்று. கில்பர்ட் மறுத்தார். லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அப்போது எனக்கு ஜாக்சன் மேல் எரிச்சல் வந்தது. எதற்கெடுத்தாலும் இதுதானா என்று.

டிவியில் ஓடிய காட்சியைப் பல வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். கறுப்பு இளைஞன் ஒருவன் பெயர் போட்ட சட்டை எரிகிறது, சுற்றி நின்று ஆர்ப்பரிக்கிறவர்களில் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். அதில் நின்ற எல்லாரும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காட்சியை ஒரு கறுப்பினத் தகப்பன் எப்படிப் பார்த்திருப்பான் என்று 2010இல் எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கில்பர்ட்டே டெட்ராய்ட்காரர். துரோகம் என்று எழுதிய அதே 2010இல் தன் கடன் நிறுவனத்தின் தலைமையகத்தைத் தன் சொந்த ஊரான டெட்ராய்ட்டின் நடு நகரத்துக்குக் கொண்டுபோனார். ஊர்ப்பாசம்.

2 மார்ச்

திரும்பி வந்த கதையைக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாக.

2011 இறுதிப் போட்டியில் டாலஸிடம் மயாமி தோற்றபோது கிளீவ்லாந்தில் பட்டாசு வெடிக்காத குறை. 2012, 2013இல் அவர்கள் ஜெயித்தார்கள். உத்தரவாதம் செத்தது. ஆனால் கடிதம் அணியின் இணையப் பக்கத்தில் நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 2014 ஜூலையில் லெப்ரான் திரும்பலாம் என்று பேச்சு அடிபட்டதும் சத்தமில்லாமல் காணாமல் போனது. ஜூலை 11 அன்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் கட்டுரை: வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை டிவியும் இல்லை, மைக்கும் இல்லை. கட்டுரையில் சட்டை எரித்தவர்களையும் மறக்காமல் குறிப்பிட்டு, அவர்கள் நிலையில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ என்றிருந்தார்.

மயாமியில் 6ஆம் எண் போட்டவர், வந்ததும் மறுபடி 23. உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அந்த நாலு சட்டை எங்கே? ஒன்று எதிர் வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. ஒன்று காவிரிப் படித்துறையில் குளிக்கும்போது போயிற்று. ஒன்றைப் பெரியவன் போட்டு இறுகி, சின்னவனுக்கு இறக்கியாயிற்று. நாலாவது? "எங்கேயோ கிடக்கும்" என்றாள்.

இங்கே எரித்தவர்கள் புதுச் சட்டை வாங்க வரிசையில் நின்றார்கள். நானும்தான். முழு விலை.

2 மார்ச், தொடர்ச்சி

2016 பற்றி எழுதினால் நிறுத்த முடியாது. கோல்டன் ஸ்டேட் அணியிடம் 3-1 என்று பின்தங்கி, இறுதிப் போட்டியில் அதுவரை யாரும் மீளாத இடத்திலிருந்து மீண்டு, ஜூன் 19 அன்று ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்தது. எதிரணி இகுவோடாலாவுக்குப் பின்னால் லெப்ரான் ஓடிவந்து பலகையோடு சேர்த்துப் பந்தை அடித்தாரே, அந்த அடியை என் மனைவி இன்றும் கரண்டியோடு நடித்துக் காட்டுவாள். 52 வருஷம். மூன்று நாள் கழித்து ஊர்வலத்துக்கு 13 லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. நாலு லட்சம் பேர் இல்லாத நகரத்தில். ரயிலில் இடமில்லாமல் ஏழு மைல் நடந்தேன். வழியில் அந்தப் பக்கத்து மேஜைக்காரரைக் கண்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

3 மார்ச்

2018 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குப் போனார். ஏஜென்சி வெளியிட்ட ஒரு சின்ன அறிவிப்பு, அவ்வளவுதான். யாரும் கொளுத்தவில்லை. நவம்பரில் எதிரணிச் சட்டையில் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே அரங்கம், அதே ஆள், அதே போதல். அதே மாதத்தில் அக்ரானில் அவர் பெயர் சொல்லும் பள்ளிக்கூடமும் திறந்திருந்தது.

கடன் தீர்ந்தது என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். இப்போது அந்தச் சொல் உறுத்துகிறது. என்ன கடன்? 18 வயதுப் பையன் லாட்டரியில் விழுந்து ஏழு வருஷம் உழைத்தான், கடனாளியாகப் போனான் என்றால் வட்டிக்கடைக்காரன் யார்?

(திருத்தம்: "அதே மாதத்தில்" என்று பள்ளியைப் பற்றி எழுதியதில் மாதம் குழப்பமாக நிற்கிறது. அணி மாறிய ஜூலை கடைசியில் திறந்தது. நவம்பரில் இல்லை.)

10 ஏப்ரல்

நேற்று லூகா டாலஸுக்கு வந்தார், லேக்கர்ஸ் சட்டையில். ஆட்டத்துக்கு முன்னால் அவருக்கென்று தயாரித்த படத்தைப் போட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். அப்புறம் 45 புள்ளி. சொந்த அணி தோற்க, ரசிகர்கள் அவருக்குக் கைதட்டிவிட்டு, பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை வேலையை விட்டுத் தூக்கு என்று கோஷம் போட்டார்கள்.

முதல் கேள்விக்காரருக்கு: பார்த்தீர்களா, அணி செய்தாலும் ஊர் கொதிக்கத்தான் செய்கிறது. பிப்ரவரியில் அரங்க வாசலில் சவப்பெட்டியே வைத்தார்கள். வித்தியாசம், டாலஸ் ரசிகனுக்கு ஆளை நேசித்துக்கொண்டே கோபப்பட முடிகிறது. எங்களுக்கு 2010இல் அந்த வசதி இல்லை. நேசித்தவனும் அவன், கோபமும் அவன் மேல்.

14 மே

எங்கள் அணி 64 ஆட்டம் ஜெயித்து, நேற்று இந்தியானாவிடம் இரண்டாம் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டது. வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

அதற்கு முந்தைய இரவு லாட்டரி. 1.8 சதவீத வாய்ப்பு மட்டும் இருந்த டாலஸுக்கு முதல் இடம். லூகாவை அனுப்பிய ஊருக்கு, இந்த வருஷம் எல்லாரும் கண் வைத்திருக்கும் இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக். இதை நாங்கள் முன்பே பார்த்துவிட்டோம். லெப்ரான் போன சீசனில் கிளீவ்லாந்து தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்றது, மொத்தம் 63 தோல்வி. அடுத்து 2011 லாட்டரியில், கிளிப்பர்ஸிடமிருந்து கைமாறி வந்த 2.8 சதவீத வாய்ப்பில் முதல் இடம். வந்தவர் கைரி இர்விங். 2016இல் கடைசி நிமிடத்தில் அந்த மூன்று புள்ளியைப் போட்டவர். லெப்ரான் போகாமலே இருந்திருந்தால் கைரி இல்லை, கைரி இல்லாமல் கோப்பை ஏது? எரித்த சட்டைக்கு இப்படியும் ஒரு கணக்கு எழுதலாம். அந்தக் கைரி இப்போது டாலஸில் முழங்கால் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது தனி வேடிக்கை.

24 மே

அக்கா வீட்டில் பரண் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். நாலாவது சட்டை கிடைத்துவிட்டது. படம் அனுப்பினாள். யாரும் போடவே இல்லையாம், பெரியவனுக்கு எடுத்து வைத்தது மறந்து போய்விட்டதாம். ஜேம்ஸ் என்ற எழுத்து கொஞ்சம் வெடித்திருக்கிறது, 23 அப்படியே இருக்கிறது.

கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நானே வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

எப்போ வர்றே என்றாள்.

டிசம்பர் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறிக்கொண்டே போகிறது.